லாரி டர்போவில் புங்க எண்ணெய் ஓடுமா?

கேள்வி: பழைய லாரி டர்போசார்ஜரை (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலியை) வைத்துச் சின்ன ஜெட் இன்ஜின் செய்திருக்கிறோம். கேஸில் நன்றாக ஓடுகிறது. புராஜெக்ட்டுக்காகப் புங்க எண்ணெய்க்கு மாற்றினால் வெறும் புகைதான் வருகிறது. விமானமே தேங்காய் எண்ணெயில் பறந்ததாமே, எங்களுக்கு ஏன் முடியவில்லை? - இறுதியாண்டு மாணவர், நாமக்கல்

பதில்: அந்த விமானக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 2008 பிப்ரவரியில் லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போன விர்ஜின் அட்லாண்டிக் 747 அது. நான்கு இன்ஜின்களில் ஒன்றுக்கு மட்டும், அதிலும் 20 சதவீதம்தான் தாவர எரிபொருள். அதுவும் செக்கு எண்ணெய் இல்லை, ரசாயன முறையில் மாற்றியது.

புங்க எண்ணெய் எரியும். ஆனால் டீசலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. கேஸ் ஆவியாகவே உள்ளே வருகிறது. இதுவோ பனிபோல் சிதறாமல், எரிபொருளைத் தெளிக்கும் நாசிலிலிருந்து நூலாக ஒழுகி எரியறையின் அடியில் தேங்குகிறது. உங்கள் புகை அதுதான்.

புகையோடு போனால் பரவாயில்லை. தேங்கியது சூடேறி மொத்தமாகப் பற்றினால் இன்ஜின் உங்கள் கையில் இருக்காது. 1937 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஃபிராங்க் விட்டில் தன் முதல் ஜெட் இன்ஜினை ஓட்டியபோது, எரிபொருள் வால்வை மூடிய பிறகும் வேகம் ஏறிக்கொண்டே போனது. உள்ளே தேங்கியிருந்தது எரிந்து தீர்ந்த பிறகுதான் அடங்கியது. அதனால் எரியறையின் தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் துளை வையுங்கள். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகாதபோதும் வடித்துவிட்டுத்தான் அடுத்த முயற்சி.

கேஸில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறி, அப்புறம் அதில் ஐந்தில் ஒரு பங்கு புங்க எண்ணெய் கலந்து, சூடாக்கிக் கொடுங்கள். நிறுத்தும்போது மறுபடி மண்ணெண்ணெய். இல்லாவிட்டால் நாசிலில் கரி பிடிக்கும்.

இதற்கு விலக்கு ஒன்றே ஒன்று: முறையாக மாற்றிய பயோடீசல். கெட்டித்தன்மை டீசலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் 'பயோடீசல்' என்று கேனில் விற்கும் புரோக்கர்களை நம்பவே நம்பாதீர்கள். கழிவு எண்ணெயையும் சாயத்தையும் கலந்து தள்ளிவிடுகிறார்கள். 27 மில்லி மெத்தனாலில் அந்த பயோடீசலில் 3 மில்லியை விட்டுக் குலுக்கி, அரை மணி நேரம் வையுங்கள். முழுதும் கரைந்தால் சரி. அடியில் எண்ணெய் தங்கினால் மாறாத எண்ணெயோ வேறு கலப்போ இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள். மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கும். இதைக் கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னால் மட்டும் செய்யுங்கள்.

'ரீகண்டிஷன் டர்போ' விற்பவர்களும் இதே ரகம். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். இறக்கை கூட்டில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் ஆடுவது கைக்கே தெரிந்தால் வாங்காதீர்கள்.

கல்லூரிகள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். புதுமையான எரிபொருள் இருந்தால்தான் மதிப்பெண் என்கிறார்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றை நெருங்கும் டர்போ சக்கரத்தைச் சுற்றி இரும்புத் தடுப்பு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் அதை முதலில் கட்டுங்கள். இன்ஜின் ஓடும்போது சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள், மதிப்பெண் போட வருபவரையும்தான்.