டி-ஷர்ட் பிரிண்டில் விளிம்பு மங்குகிறது, கலர் விலகுகிறது. இங்க்கை மாற்றினால் சரியாகுமா?

இங்க்கில் கை வைப்பதற்கு முன் ஸ்கிரீன், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் என்கிற வலைத்துணி, தொய்ந்திருக்கிறதா என்று நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். உங்களிடம் கையால் இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்த மரச் சட்டம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

திருப்பூரில் சின்ன டேபிள் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். நான்கு கலர் குழந்தைகள் பனியன் ஒன்றில் கறுப்பு அவுட்லைன் சிவப்பைத் தாண்டி வெளியே நின்றது. ஆர்டர் கொடுத்த கம்பெனி மெர்ச்சன்டைசர் வந்து "இங்க் மட்டம்" என்றார். எங்கள் மாஸ்டர் ஸ்கிரீனில் டிசைனைப் பதிக்கும் பிலிமைச் சந்தேகப்பட்டார். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. மெஷ்ஷின் இறுக்கத்தை அளக்கும் டென்ஷன் மீட்டரை இரவல் வாங்கி, ஒவ்வொரு ஸ்கிரீனிலும் நடுவிலும் மூலைகளிலும் வைத்துப் பார்த்தோம். மூன்று ஸ்கிரீன்கள் சென்டிமீட்டருக்கு 20 நியூட்டனுக்கு மேல். கறுப்பு மட்டும் 11. பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி தொய்ந்து கிடந்தது.

இங்க்கை இழுத்துத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்க்யூஜி கடந்த உடனே மெஷ் துணியை விட்டு வெடுக்கென்று எழ வேண்டும். டென்ஷன் இல்லாவிட்டால் ஈர இங்க்கிலேயே ஒட்டிக்கொண்டு மெதுவாக எழும், விளிம்பு மங்கும். அதைச் சமாளிக்க, துணிக்கும் ஸ்கிரீனுக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளி போதும் என்கிற இடத்தில் 5, 6 என்று தூக்கி வைத்து, ஸ்க்யூஜியையும் அழுத்துவோம். அழுத்த அழுத்த மெஷ் இழுபட்டு டிசைனே நகர்ந்துவிடும். உங்கள் கலர் விலகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கறுப்பை அலுமினிய பிரேமில் புது மெஷ் போட்டு இழுத்தோம். பாலியஸ்டர் மெஷ் முதல் நாளே கொஞ்சம் தளரும்; அதனால் ஒரு இரவு விட்டு, மறுபடி இழுத்து, பிறகுதான் ஒட்டி, கோட்டிங் போட்டு, பிலிமை வைத்து வெளிச்சம் காட்டி எக்ஸ்போஸ் செய்தோம். அதே இங்க், அதே பிலிம். அவுட்லைன் போய் உட்கார்ந்தது.

மரச் சட்டத்திலேயே காலம் தள்ளியவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஒரு கலர் தேர்தல் பனியனுக்கு அது தாராளம். துணியை டேபிளோடு ஒட்டி வைக்கும் டேபிள் கம் பிடிக்காமல் துணி நகர்ந்தாலும் கலர் விலகும், மறுக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தப் பில்லுக்குப் பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. பதிவு செய்த சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்தாயிற்று. அதை எடுத்துச் சொன்னால் அடுத்த ஆர்டர் பக்கத்துத் தெரு யூனிட்டுக்குப் போய்விடும்.