சரளைக்கல் டிரைவ்வேக்கு எந்த ஸ்னோ புளோயர்?

ஒட்டாவாவில் இரண்டு கார் நிற்கும் சரளைக்கல் டிரைவ்வேக்கு, பனியை வாரி எறியும் இயந்திரமான ஸ்னோ புளோயரில் விலை குறைந்த ஒற்றை நிலை வகை (ஒரே சுழலியே வாரி எறிவது) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அதன் ரப்பர் துடுப்புகள் தரையை உரசித்தான் பனியை வாரும். கல்லையும் சேர்த்து வாரிப் பக்கத்து வீட்டு ஜன்னலில் எறியும்.

வாருவதற்கு ஒன்று, எறிவதற்கு ஒன்று எனத் தனித்தனி சுழலிகள் உள்ள இரட்டை நிலை இயந்திரமே வாங்குங்கள். 24 அங்குல அகலம் தாராளம். பக்கவாட்டில் உள்ள சறுக்குத் தகடுகளை இறக்கி வைத்தால் அதன் வாய் தரையைத் தொடாது. நகராட்சி வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகிறதே, அந்தக் கெட்டிப் பனியையும் அதுதான் அசைக்கும்.

பிராண்டைவிட, உதிரிபாகத்தோடு பழுதுபார்ப்பவர் அருகில் இருக்கிறாரா என்று பாருங்கள். கல் சிக்கும்போது உடைவதற்கென்றே உள்ள ஷியர் பின் சில கையிருப்பில் இருக்கட்டும். பனியை வெளியே எறியும் குழாய் அடைத்தால் இயந்திரத்தை நிறுத்துங்கள்; நிறுத்திய பிறகும் கை வேண்டாம், குச்சிதான்.