ஸ்டென்ட் வச்சாச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சு மூணு மாசம் ஆச்சு டாக்டர், இப்போ பல் புடுங்கணும், ரத்தம் நிக்காது, ரத்தம் உறையாம தடுக்கிற க்ளோபிடோக்ரல் மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்துங்கன்னு பக்கத்து வீட்டு மாமா சொல்றார், செய்யலாமா?
– வாசகி, கரூர்

பதில்: வேண்டவே வேண்டாம்மா. ஸ்டென்ட்ங்கிறது இதய ரத்தக்குழாய்க்குள்ள வைக்கிற உலோக வலை, அது மேல ரத்தக்குழாயோட உள்தோல் மூடுற வரைக்கும் ரத்தம் உறைஞ்சு அடைக்கிற ஆபத்து இருக்கு, அதனாலதான் அட்டாக் வந்தவங்களுக்கு ஆஸ்பிரினோட க்ளோபிடோக்ரலையும் சேர்த்து பொதுவா 12 மாசம் தர்றோம். பல் புடுங்கின இடத்துல கொஞ்சம் கூடுதலா கசியும், பஞ்சு வச்சு அழுத்தினா பெரும்பாலும் நின்னுடும். பல் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, தள்ளிப்போடலாமான்னு ஹார்ட் டாக்டரையும் கேளுங்க. கொலஸ்ட்ரால் நார்மல்னு, அதைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துறவங்களும் உண்டு, அந்த நார்மலே மாத்திரையால வந்ததுதானே! ஊறுகாய், அப்பளத்தைக் குறைங்க. திரும்ப நெஞ்சு வலிச்சா வாயுன்னு சோடா குடிச்சிட்டு உக்காராம உடனே 108-ஐ கூப்பிடுங்க.