ஊட்டிக் குளிரில் வீட்டுக் கோழிகளுக்கு இரவில் பல்பு போட வேண்டுமா?

தகரக் கூரை வேய்ந்த மரக்கூண்டில் ஐந்து நாட்டுக்கோழிகள் வளர்ப்பதாகவும், டிசம்பர் உறைபனிக்கு அஞ்சிக் கூண்டைத் தார்ப்பாயால் சுற்றி மூடிவிட்டு இரவு முழுவதும் பல்பு எரியவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வளர்ந்த கோழிகளுக்குப் பல்பு தேவையில்லை. கூண்டை முழுவதுமாக மூடவே கூடாது.

நீலகிரிக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் நானும் இதே தவறைச் செய்தேன். ஒரு விரல் நுழையும் இடைவெளிகூட விடாமல் தார்ப்பாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். பத்து நாட்களில் கோழிகள் தும்மத் தொடங்கின, கண்ணோரம் நுரை கட்டியது, இரண்டு பெட்டைகள் இறந்தன. குளிர் தாங்காமல் இறந்துவிட்டன என்று எண்ணி மிச்சமிருந்தவற்றுக்கு இன்னொரு சாக்கையும் போர்த்தினேன். பிறகு பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து கூண்டுக்குள் தலையை நீட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இறகைச் சிலிர்த்து, அதற்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து, அலகை இறகுக்குள் புதைத்துக்கொண்டால் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரையும் நலமுள்ள கோழி தாங்கிவிடும். கோழியால் தாங்க முடியாதது ஈரம்தான். குடிக்கும் நீரில் பெரும்பகுதி மூச்சிலும் எச்சத்திலும் வெளியேறுகிறது. புதிய எச்சத்தில் முக்கால் பங்கு நீர்தான். மூடிய கூண்டில் இந்த ஈரம் போக வழியின்றித் தகரத்தின் அடியில் பட்டுக் குளிர்ந்து, விடியற்காலையில் துளித்துளியாகக் கோழிகளின் முதுகில் சொட்டும். நனைந்த இறகு காற்றைப் பிடித்து வைக்காது. நனைந்த கூளத்திலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். சளி நோய்க்கு அதுவே வாசல்.

எனவே, கோழிகள் உட்காரும் உயரத்துக்குக் காற்று நேரே அடிக்காதபடி கீழ்ப்பகுதியைப் பலகையாலோ சாக்காலோ அடைத்துவிட்டு, அவற்றின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, இரண்டு எதிர்ப்பக்கங்களிலும் ஒரு சாண் அகலத் திறப்பு விடுங்கள். மரநாய் நுழையாதபடி அதில் கம்பிவலை அடிக்க மறக்காதீர்கள். தகரத்தின் அடியில் மூங்கில் பாயோ பலகையோ பொருத்தினால் சொட்டுவது பெருமளவு குறையும். உட்காரும் கட்டை உருண்டையான மெல்லிய கழியாக இல்லாமல் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள பட்டையாக இருந்தால், கோழி கால்விரல்கள்மேல் வயிற்றை வைத்து உட்கார்ந்து அவற்றைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளும். தரையில் மரச்சீவல் அல்லது உமியை அரை அடி ஆழத்துக்குப் பரப்பி, வாரம் இருமுறை கிளறி, ஈரமான இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். விடியலில் குனிந்து கூண்டுக்குள் முகர்ந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் திறப்பு போதவில்லை.

கூண்டு பள்ளத்தில் இருந்தால் இடம் மாற்றுவது நல்லது. தெளிந்த வானமுள்ள இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால், உறைபனி முதலில் படிவது அங்கேதான். காலை வெயில் முதலில் விழும் கிழக்குச் சரிவு கிடைத்தால் அதற்கு ஈடில்லை.

பல்பை நான் வேண்டாம் என்பதற்குத் தீ ஒரு காரணம். உலர்ந்த சீவலும் இறகுத் தூசியும் எளிதில் பற்றும். நள்ளிரவில் மின்சாரம் போனால், வெப்பத்துக்குப் பழகிய கோழிகள் திடீரென்று குளிரில் நிற்க வேண்டிவரும் என்பது மற்றொன்று. கரிச்சட்டியை உள்ளே வைப்பதை நினைக்கவும் வேண்டாம். அதன் புகை கோழியையும் கொல்லும், மனிதரையும் கொல்லும். வெப்பத்தைத் தீனியாகக் கொடுங்கள்: அடைவதற்கு முன் வழக்கமான தீனியோடு ஒரு கைப்பிடி மக்காச்சோளக் குருணையோ கம்போ போட்டால், இரைப்பை நிறைந்த கோழி இரவைக் கதகதப்பாகக் கழிக்கும். காலையில் வெதுவெதுப்பான நீர் வையுங்கள். தண்ணீர் சில்லென்றிருந்தால் அவை குறைவாகவே குடிக்கின்றன. கொண்டை குளிரில் கருத்துப்போகாமலிருக்க அதில் தேங்காய் எண்ணெய் பூசச் சொல்வோர் உண்டு. இந்த ஊரில் டிசம்பரில் எண்ணெயே சீசாவுக்குள் உறைந்துபோய் வெயிலுக்குக் காத்திருப்பதால் நான் அதை விட்டுவிட்டேன். கூண்டு உலர்ந்திருந்தவரை கொண்டை கருத்ததுமில்லை.

முட்டை குறைந்தால் கவலைப்பட வேண்டாம். பகல் சுருங்குவதும் இறகு உதிர்ப்பதும் சேர்ந்துகொள்ளும் காலம் அது.

குஞ்சுகளுக்கு மட்டும் இதெல்லாம் பொருந்தாது. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைவாக, இறகு முளைக்கும்வரை அவற்றுக்குச் செயற்கை வெப்பம் கட்டாயம் தேவை. பல்பின் அடியில் நெருக்கியடித்தால் குளிர்கிறது, விலகி ஓடி வாயைத் திறந்தால் சுடுகிறது என்று அறியலாம். முடிந்தால் டிசம்பரில் அடைவைப்பதைத் தவிர்த்து, பிப்ரவரி கடைசியில் வையுங்கள்.