2008-இல் கறுப்பின வாக்காளர்கள் ஒபாமாவை நிறத்துக்காக மட்டும்தான் ஆதரித்தார்களா?

அப்படிச் சொல்பவர்கள் 2007-ஐ மறந்துவிடுகிறார்கள். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஒபாமாவா, ஹிலாரி கிளிண்டனா என்ற உட்கட்சிப் போட்டியில், அந்த ஆண்டின் பெரும்பகுதியில் அக்கட்சியின் கறுப்பின ஆதரவாளர்களில் கணிசமானோர் கிளிண்டன் பக்கம்தான் இருந்தார்கள். ஒபாமாவின் நிறம் அப்போதும் அதேதானே! பலருக்கு இருந்த ஐயம் வேறு: வெள்ளையர்கள் இவருக்கு வாக்களிப்பார்களா?

விடை 2008 ஜனவரி 3 அன்று, வேட்பாளர் தேர்வில் முதலில் வாக்களித்த அயோவாவில் கிடைத்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையரான அந்த மாநிலத்தில் ஒபாமா முதலிடம் பெற்றார். மூன்று வாரம் கழித்து, தென் கரோலினாவில் கறுப்பின வாக்குகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அவருக்கு விழுந்தது. இனப்பற்று இல்லை என்று நான் சொல்லவில்லை. வெல்வார் என்ற நம்பிக்கை வந்த பிறகே அது முழுமையாக வாக்காக மாறியது என்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. மே மாதம் மேற்கு வர்ஜீனியாவில் வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில், வெள்ளையர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இனமும் ஒரு காரணம் என்றார்; அவர்களில் பெரும்பாலோர் கிளிண்டனுக்கு வாக்களித்தவர்கள். இது வாய்விட்டுச் சொன்னவர்களின் கணக்கு மட்டுமே.

நிறம் மட்டும் போதாது என்பதை 2020 தேர்தலுக்கான வேட்பாளர் போட்டியும் காட்டியது: கறுப்பினத்தவர்களான கமலா ஹாரிஸும் கோரி புக்கரும் முதல் வாக்குப்பதிவுக்கு முன்பே விலகினார்கள். தென் கரோலினாவின் கறுப்பின வாக்குகளில் பெரும்பான்மை வெள்ளையரான ஜோ பைடனுக்குப் போனது.