“துப்பாக்கி தூக்குற வேலைதான் வேணும்!”

கேள்வி: எனக்கு வயது 19. ஏற்காட்டை அடுத்த நாகலூர். பிளஸ் டூவில் கணக்கு குரூப், நல்ல மார்க். சேலத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்து, பிடிக்காமல் ஒரே வருடத்தில் விட்டுவிட்டேன். இப்போது அப்பாவுடன் காபித் தோட்டத்தில் வேலை. அக்னிவீர் தேர்வு எழுதப் போகிறேன். ஜி.டி., அதாவது ஜெனரல் டியூட்டி சிப்பாய் வேலை மட்டும்தான் என்று முடிவு. பட்டாளத்தில் காலாட்படையில் 17 வருடம் இருந்த என் மாமா, “போறதுன்னா டெக்னிக்கல் போ, இல்ல கிளார்க் போ. துப்பாக்கி தூக்குற வேலை வேண்டாம்” என்கிறார். உட்கார்ந்து எழுதுவதற்கு எதற்குப் பட்டாளம்? அம்மாவோ இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார். காலேஜை விட்டவன் என்று ஊர் பார்க்கிற பார்வையும் மாற வேண்டும். நான் போகலாமா, கூடாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாகலூர்

பதில்: தம்பி, உன் கடிதத்தில் என்னை உறுத்தியது, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, ஊர் பார்க்கிற பார்வை, அந்த ஒரு வரிதான். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உன் மாமா.

மாமா சொல்வதில் பாதி அனுபவம், பாதி பழைய கணக்கு. அவர் காலத்தில் சிப்பாயாகச் சேர்ந்து 15 வருடம் முடித்தால் ஆயுசுக்கும் பென்ஷன். கேன்டீன் கார்டு, ஆஸ்பத்திரி வசதி எல்லாம் கூடவே வரும். 2022 ஜூனில், அக்னிவீரர்களை எடுக்கிற அக்னிபத் திட்டம் வந்ததோடு அது மாறிவிட்டது. உனக்கு நாலே வருடம். சம்பளம் மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி நாலாம் வருடம் 40,000 ஆகும். அதில் 30 சதவீதத்தைச் சேவா நிதிக்குப் பிடித்துக்கொள்வதால் முதல் வருடம் கைக்கு வருவது 21,000. அரசும் அதே அளவு போட்டு, முடிவில் வட்டியோடு ஏறக்குறைய 11.71 லட்சம், வரி இல்லாமல் தருவார்கள். பென்ஷன் கிடையாது. கிராஜுவிட்டி கிடையாது. முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்தும் கிடையாது. நூற்றுக்கு அதிகபட்சம் 25 பேரை நிரந்தரமாக எடுப்பார்கள். மற்ற 75 பேரும் உன் வயதுக்கு 23, 24இல் டிரங்குப் பெட்டியோடு சேலம் ஜங்ஷனில் வந்து இறங்க வேண்டியதுதான். இன்னொன்று, பிடிக்கவில்லை என்று காலேஜை விட்டாயே, அப்படி இதை விட முடியாது. விதிவிலக்காக மேலிடம் அனுமதித்தால் உண்டு. அந்த நாலு வருடமும் கல்யாணம் கூடாது. 19 வயதில் இது உனக்குப் பெரிதாகத் தெரியாது, உன் அம்மாவுக்குத் தெரியும்.

இப்போது ஜி.டி.யா, டெக்னிக்கலா என்ற சங்கதி. நீ நினைப்பதுபோல ஒன்று சண்டை, இன்னொன்று மேஜை நாற்காலி என்று இல்லை. விண்ணப்பத்தில் நீ ஜி.டி. என்று போடலாம், காலாட்படை என்று போட முடியாது. எந்தப் படைப்பிரிவு என்பதை அவர்கள்தான் ஒதுக்குவார்கள். நம் பக்கத்துப் பையன் என்பதற்காக குன்னூர் வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கே அனுப்புவார்கள் என்றும் எழுதி வைக்காதே. டெக்னிக்கல் என்றால் சிக்னல்ஸ், இன்ஜினியர்ஸ், வண்டியும் ஆயுதமும் பழுது பார்க்கிற ஈ.எம்.ஈ. இப்படி. பனிமலை உச்சியில் ஜெனரேட்டர் நின்றால் அதை ஓட வைக்க ஏறுகிறவனும் சிப்பாய்தான். 2020 ஜூன் 15 இரவு சீன எல்லையிலுள்ள கல்வானில் உயிர் விட்ட 20 பேரில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி ஒருவர். அவர் காலாட்படை இல்லை, பீரங்கிப் படை. அன்று பீரங்கிக்கு வேலையே இருக்கவில்லை. கல்லும் இரும்புக் கம்பியுமாகக் கைகலப்பு. அவருக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள், அவர் மறைந்த பிறகு. ஆக, டெக்னிக்கல் போனால் பத்திரம் என்று மாமா நினைப்பதும் முழுக்கச் சரியில்லை, டெக்னிக்கல் போனால் கோழை என்று நீ நினைப்பதும் சரியில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் மாமா பக்கம்தான் நான். துப்பாக்கி தூக்குற வேலை என்று அவர் சொன்னதை நீ ஆபத்து என்று மட்டும் புரிந்துகொண்டிருக்கிறாய். நம் ஊரில் பட்டாளம் என்றதும் எல்லாரும் சாவைப் பற்றியே பேசுகிறோம். ‘உயிரைக் கொடுக்கத் தயார்’ என்று பையன்களும் மார்தட்டுகிறார்கள். உயிரை எடுக்கத் தயாரா என்று யாரும் கேட்பதில்லை. காலாட்படையின் தொழில் அதுதான், தம்பி. எதிரே நிற்கிறவனும் உன்னைப்போல ஏதோ ஒரு மலையூர்க்காரனாக இருக்கலாம். இப்படிச் சொல்வதால் நான் பட்டாளத்தைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அந்த வேலையை யாராவது செய்துதான் ஆக வேண்டும். முகத்துக்கு நேரே வைத்து இதை ஒரு தடவை யோசித்துவிட்டு, அப்புறமும் சரி என்று தோன்றினால் போ. யோசிக்காமல் போகிறவர்கள் அங்கே போய் யோசிக்கிறார்கள்.

என் தம்பியும் காலாட்படைதான். லீவில் வந்தால் முதல் பத்து நாள் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து கதவைத் திறந்து வாசலில் நின்றுவிட்டு வந்து படுப்பான். அம்மா அவனுக்குச் சர்க்கரை வியாதியோ என்று பயந்து ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். விஷயம் அதெல்லாம் இல்லை. சென்ட்ரி டியூட்டி இரண்டு இரண்டு மணி நேரம், உடம்பு அதற்குப் பழகிவிட்டது. அவன் அங்கே செய்தவற்றில் பெரும்பகுதி இதுதான்: காவல் நிற்பது, மூட்டை சுமப்பது, பதுங்குகுழி வெட்டுவது, மறுபடி காவல். சுட்டானா, யாரையாவது... அதை அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ரிட்டயராகி இத்தனை வருடமாகியும் கேட்கத் தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்.

சரி, இப்போது அந்த ஒரு வரிக்கு வருவோம். ஊர் பார்வை மாற வேண்டும். மாறும், சந்தேகமே இல்லை. முதல் லீவுக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து ஏற்காடு ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்கள். அந்த மரியாதை ஒரு வாரம் தாங்கும். லீவு வருடத்துக்கு 30 நாள். மீதி 335 நாளும் உன்னைப் பார்க்க நாகலூரிலிருந்து யாரும் வரப்போவதில்லை. மூன்றாம் வருடத்துக் குளிரில், விடியற்காலை மூன்று மணிக் காவலில், ‘நான் ஏன் இங்கே நிற்கிறேன்’ என்று உனக்கே தோன்றும், எல்லாருக்கும் தோன்றுமாம். அப்போது ‘காலேஜை விட்டவன் என்று எதிர் வீட்டுக்காரர் சொன்னார்’ என்பது ஒரு பதிலா? நாலு வருடம் கழித்து 75 பேரில் ஒருவனாகத் திரும்பி வந்தால் அதே எதிர் வீட்டுக்காரர், “பட்டாளத்திலயும் வெச்சுக்கலையாமே” என்பார். அவருக்குப் பேச ஒரு விஷயம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே உன் காரணங்களிலிருந்து ஊரைக் கழித்துப் பார். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் இந்த வருடம் எழுதாதே. வயது இருக்கிறது, அடுத்த வருடம் எழுதலாம். விட்ட படிப்பை வேறு கல்லூரியில் தொடர்வதும் வெட்கப்படுகிற காரியம் இல்லை. கழித்த பிறகும் அந்த வேலை மேலேயே ஆசை மிச்சம் இருந்தால், ஜி.டி.க்கே போடு. மாமாவுக்காகக் கிளார்க் போடாதே, நீ அங்கே கருகிப்போவாய். இப்போது ஒரே ஆள் இரண்டு பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், கணக்கு குரூப் படித்த உனக்கு டெக்னிக்கலை இரண்டாவதாகப் போடச் சொல்வேன். வெளியே வரும்போது கையில் ஒரு தொழில் இருக்கும்.

முடிவெடுக்கும் முன் மாமாவைத் தவிர இன்னொருவரிடமும் பேசு. அக்னிவீர் முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனது. அதற்குப் பிறகு போன பையன்கள் ஓமலூர், மேட்டூர், ஆத்தூர் பக்கம் யாராவது இருப்பார்கள். லீவில் வந்தவனைப் பிடித்து இரண்டு மணி நேரம் பேசு. பணம் கொடுத்தால் உள்ளே தள்ளிவிடுகிறேன் என்று ஒரு ஆள் வருவான், கட்டாயம் வருவான். அவனிடம் பேசாதே.

அம்மா விஷயம். உனக்கு 18 தாண்டிவிட்டது, அவர் கையெழுத்து தேவையில்லை. அதனாலேயே அவரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். பணியில் உயிர் போனால் 48 லட்சம் காப்பீடு என்பதை வைத்து மட்டும் பேச்சைத் தொடங்கிவிடாதே, ஒரு பையன் அப்படித் தொடங்கி வீட்டில் மூன்று நாள் உலை ஏறவில்லை. அடுப்படிக்கு அவர் போனால் நீயும் பின்னாலேயே போய் வெங்காயம் உரித்துக்கொண்டு சும்மா உட்கார். அவராகக் கேட்பார்.

போவதென்றே முடிவானால், சேலம் மாவட்டம் கோவை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. முதலில் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு, தமிழிலும் எழுதலாம். அப்புறம்தான் மைதானம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு 60 மார்க், பத்து புல்-அப்ஸுக்கு 40. மலை உயரத்தில் ஓடிப் பழகிய உனக்கு மூச்சு பிரச்சினை இல்லை, வெயில்தான் பிரச்சினை. வாரம் ஒரு நாளாவது கீழே இறங்கி சேலம் காந்தி ஸ்டேடியத்தில் ஓடிப் பார். பேச்சு ஹிந்தியும் கொஞ்சம் பழகிக்கொள், பயிற்சியில் அதட்டல் எல்லாம் அதில்தான் வரும். காதுக்குரும்பியை டாக்டரிடம் காட்டி முன்பே எடுத்துவிடு. ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனைக்கூட மெடிக்கலில் அதற்காக நிறுத்தி வைப்பார்கள்.