வாசகர் கேள்வி-பதில்: ஜப்பானுக்கு ஸ்டால் உண்டு, பீகாருக்கு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றித்தான். பள்ளிகளில் உலகப் பண்பாட்டு விழா, அமைதித் திருவிழா என்று ஏதோ ஒரு பெயரில், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்து ஸ்டால் போட வைக்கிறார்களே, அது. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: நாலாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளி விழாவில் ஜப்பான் வந்திருக்கிறது. கிமோனோ போட்டு வரச் சொல்கிறார்கள். வாடகைக் கடையில் கேட்கிற தொகைக்கு ஒரு நல்ல பாவாடை சட்டையே எடுத்துவிடலாம். என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கிமோனோவை விடுங்கள். மிஸ்ஸிடம் போய் "என் பொண்ணு டிரெஸ் போடலை, ஒரு கதை சொல்லுவா" என்று கேட்டுப் பாருங்கள். சடாகோ சசாகியின் கதை. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. அன்றைக்குப் பெரிய காயம் எதுவும் இல்லாமல் தப்பித்து, ஓட்டப்பந்தயத்தில் கெட்டிக்காரியாக வளர்ந்தவளை, பன்னிரண்டு வயதில் ரத்தப் புற்றுநோய் என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. மருந்து சுற்றி வந்த தாளைக்கூட விடாமல் மடித்தாள். ஆயிரத்தை முடிக்கும் முன்பே இறந்துவிட்டாள் என்றுதான் பல இடங்களில் எழுதியிருக்கும். அவளுடைய அண்ணன் சொல்வது வேறு: ஆயிரத்தைத் தாண்டிவிட்டாளாம். தாண்டியும் பிழைக்கவில்லை, 1955 அக்டோபர் 25 அன்று போய்விட்டாள். கூடப் படித்த பிள்ளைகள் தொடங்கிய வசூல் நாடு முழுக்கப் பரவி, 1958 மே 5 அன்று, ஜப்பானின் குழந்தைகள் தினத்தில், ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் நினைவுச் சின்னம் எழுந்தது.

இதற்கு ஒரு கட்டு கலர் பேப்பர் போதும். ஸ்டாலுக்கு வருகிறவர்களை ஆளுக்கு ஒரு கொக்கு மடிக்க வையுங்கள். மகள் முந்தின வாரமே பழகிக்கொள்ளட்டும், முதல் நாலைந்து கொக்கு காக்கை மாதிரிதான் வரும்.

இல்லை, டிரெஸ் கட்டாயம் என்றார்கள் என்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: போடுகிறவரின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்துக்கு மேலே வரவேண்டும். மாற்றிக் கட்டுவது அங்கே இறந்தவர்களுக்கு.

கேள்வி: மாறுவேடம், போட்டோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். இதில் அமைதி எங்கே சார் வருகிறது? வீண் செலவு என்கிறேன் நான்.
– ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: நீங்கள் சொல்கிற மாதிரி நடந்தால் வராதுதான். ஆனால் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நடப்பதைப் பாருங்கள். அங்கே ஜூலை 21 இன நல்லிணக்க நாள், 1997 முதல் கொண்டாடுகிறார்கள். சீனப் பிள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வரும், தமிழ்ப் பிள்ளை மலாய் உடையில் வரும், விளையாட்டு, தின்பண்டம் எல்லாம் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் மாறுவேடம்தான். ஆனால் அந்தத் தேதியைச் சும்மா எடுக்கவில்லை. 1964-ல் அதே ஜூலை 21 அன்று, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. 23 பேர் செத்தார்கள், 454 பேருக்குக் காயம். செப்டம்பரில் மறுபடியும் வெடித்தது. அடித்துக்கொண்ட நாளையே பிள்ளைகளுக்கு விழா நாளாக வைத்து, ஏன் இந்த நாள் என்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கேயும் இதைச் சடங்கு என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கலாம், ஆனாலும் சண்டை போட்டுக்கொண்ட ஊர்க்காரர்களைப் பற்றி அந்த ஊரிலேயே பேசுகிறார்கள் இல்லையா.

நாம் என்ன செய்கிறோம்? நமக்கு எந்தத் தகராறும் இல்லாத பிரேசில், இத்தாலி, ஜப்பான் என்று தேடிப் பிடிக்கிறோம். உங்கள் திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள், பனியன் கம்பெனிகளில் பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்து வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் பிள்ளைகள் நம் பள்ளிகளில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை 'வடக்கன்' என்று கூப்பிடுகிற வகுப்பறையில் ஜப்பானுக்கு ஸ்டால் போட்டு அமைதி வளர்க்கிறோம் என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஒரு ஸ்டாலைப் பீகாருக்குக் கொடுங்கள். அந்தப் பையனின் அம்மா வந்து லிட்டி சோக்கா (சுட்ட மாவு உருண்டையும் காய் மசியலும்) செய்து காட்டட்டும், சத் பூஜையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சூரியனை எப்படிக் கும்பிடுவார்கள் என்று அவன் சொல்லட்டும். நம் பொங்கலிலும் சூரியன்தானே, பேச்சு அங்கிருந்து தானாகப் போகும். செலவும் பெரிதாக ஆகாது, உங்கள் கவலை அதுதானே.

கேள்வி: விழாத் தொடக்கத்தில் வெள்ளைப் புறா பறக்கவிடலாம் என்று எங்கள் வகுப்பில் முடிவு செய்திருக்கிறோம். சரியா?
– எட்டாம் வகுப்பு மாணவி, கரூர்

பதில்: வேண்டாம்மா. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பறக்கவிட்ட புறாக்களில் சில ஜோதிக் கொப்பரையில் போய் உட்கார்ந்து, தீ ஏற்றியபோது கருகின. 2014-ல் வத்திக்கானில் போப் பக்கத்தில் நின்று பிள்ளைகள் விட்ட புறாக்களைக் காக்கையும் கடற்பறவையும் துரத்தின. மணி அடியுங்கள், போதும். நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்திலேயே ஓர் அமைதி மணி இருக்கிறது, 60 நாடுகளின் நாணயங்களை உருக்கி வார்த்து 1954-ல் ஜப்பானில் இருந்து கொடுத்தது. உலக அமைதி நாளான செப்டம்பர் 21-ஐ ஒட்டி அதை அடிப்பார்கள். உங்கள் பள்ளி மணியே தாராளமாகப் போதும்.

கேள்வி: எங்கள் வகுப்புக்கு 'ஆப்பிரிக்கா'. புல் பாவாடை, முகத்தில் கறுப்பு மை, மேளம் என்று திட்டம். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.
– ஓர் ஆசிரியை, விருதுநகர்

பதில்: மை பூசுவதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள் டீச்சர். ஒருவரின் நிறத்தை வேஷமாகப் போடுவது கேலி, பிள்ளைகளின் எண்ணம் நல்லதாக இருந்தாலும் அது கேலிதான். அதுவும் சிவப்பழகு கிரீம் விற்கிற ஊரில். அப்புறம், 54 நாடுகள் இருக்கிற கண்டத்தை ஒரே புல் பாவாடைக்குள் அடைக்க முடியாது, ஒரு நாட்டை எடுங்கள். நான் கானாவை எடுப்பேன், காரணம் பல்லாங்குழி.

கானாவில் ஓவாரே என்று ஒரு ஆட்டம், பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு குழி, குழிக்கு நாலு விதை, மொத்தம் 48. அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது அப்படியே நம் ஆட்டம். நம்மிடம் குழி பதினாலு; நாலு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்வோம், அவர்கள் எதிராளியின் குழியில் இரண்டோ மூன்றோ ஆனால் எடுப்பார்கள். தான்சானியாவில் பாவோ ஆட்டத்துக்கு 32 குழி. மலேசியாவில் சொங்காக், பிலிப்பைன்ஸில் சுங்கா, இலங்கையில் சிங்களர்களின் ஒலிந்த கெலிய. எல்லாம் ஒரே குடும்பம். எங்கே பிறந்தது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை, அதில் நாம் தலையிட வேண்டாம்.

பாட்டிகளிடம் பலகையும் புளியங்கொட்டையும் கடன் வாங்குங்கள். ஒரு பலகையில் கானா விதி, பக்கத்துப் பலகையில் நம் விதி. ஆட வந்தவர்கள் எழுந்து போவது கஷ்டம், இடத்தைக் கொஞ்சம் பெரிதாகவே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்களுக்கு மெக்சிகோ. நாச்சோஸ் பாக்கெட் வாங்கி வைத்தால் போதுமா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: பாக்கெட் எதற்கு? ஒரு தட்டில் பச்சை மிளகாய், இன்னொன்றில் மக்காச்சோளம், பக்கத்தில் ஒரு தக்காளி. மிளகாயும் சோளமும் மெக்சிகோ மண்ணில் பயிராக்கப்பட்டவை, தக்காளியும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். போர்ச்சுக்கீசியர் வந்தபிறகுதான் மிளகாய் நம் சமையலறைக்குள் நுழைந்தது, அதுவரை காரத்துக்கு மிளகுதான். 'இந்த மூன்றும் இல்லாமல் நேற்று உங்கள் வீட்டில் என்ன சமைத்தீர்கள்?' என்று ஒரு அட்டையில் எழுதி முன்னால் வையுங்கள். வருகிற அம்மாக்கள் மிச்சத்தைப் பேசிக்கொள்வார்கள்.